அந்தக் காசுக்கு அவ்வளவு விலையா? – வாசகர் கேள்வி பதில்

பழைய காசு, நினைவு நாணயம் பற்றி வந்த கடிதங்களில் விலை தொடர்பானவற்றை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். கீழே சொல்லும் விலைகள் சில்லறைச் சந்தையில் சாதாரணமாகக் கைமாறுகிற தொகைகள். காசின் நிலையைப் பொறுத்து அவை ஏறும், இறங்கும்.

கேள்வி: வைஷ்ணோ தேவி படம் போட்ட 5 ரூபாய்க் காசு மூன்று வைத்திருக்கிறேன். ஒன்றுக்குப் பத்து லட்சம் என்று வீடியோவில் சொன்னார்கள். வாட்ஸ்அப்பில் பேசியபோது முதலில் பதிவுக் கட்டணமாக 1,850 ரூபாய் அனுப்பச் சொல்கிறார்கள். அனுப்பலாமா?
– மாலதி, விருதுநகர்

பதில்: அனுப்பாதீர்கள், அம்மா. அந்த எண்ணை இன்றே தடை செய்துவிடுங்கள்.

மாதா வைஷ்ணோ தேவி ஆலய வாரியத்தின் வெள்ளி விழாவுக்காக 2012 என்று ஆண்டு பொறித்து 5 ரூபாயிலும் 10 ரூபாயிலும் வந்த காசு இது. புழக்கத்துக்கென்றே அடித்து வங்கிகள் வழியாக விட்டார்கள். பேருந்து நடத்துநர் பையிலும் கோயில் உண்டியலிலும் இன்றும் கிடைக்கிறது. கைபடாத பளபளப்போடு இருக்கும் 5 ரூபாய்க்குச் சேகரிப்பாளர் 15, 20 ரூபாய் கொடுப்பார். தேய்ந்து போயிருந்தால் 5 ரூபாய்தான்.

பத்து லட்சம் என்ற எண் எங்கிருந்து வருகிறது? இணைய விளம்பரத் தளத்தில் யார் வேண்டுமானாலும் எந்த விலையையும் போடலாம். கேட்கிற விலையைத்தான் வீடியோவில் காட்டுகிறார்கள். அந்த விலைக்கு ஒருவர் வாங்கிய ரசீதைக் காட்டியதே இல்லை. 1,850 கட்டினால் அடுத்து ஜி.எஸ்.டி. என்பார்கள், பிறகு பார்சல் காப்பீடு, அதன் பிறகு ரிசர்வ் வங்கி முத்திரை குத்திய ஒரு போலிச் சான்றிதழ். பழைய நோட்டு, நாணயம் வாங்கவும் விற்கவும் தன் பெயரைச் சொல்லிக் கட்டணமோ வரியோ கேட்பவர்களிடம் ஏமாற வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவித்திருக்கிறது. இந்த வியாபாரத்தில் அந்த வங்கி இறங்குவதே இல்லை. உண்மையாகவே வாங்க வருகிறவர் காசின் இரு பக்கப் படத்தையும் எடையையும் கேட்பார். உங்களிடம் பணம் கேட்க மாட்டார்.

ஏற்கெனவே அனுப்பியவர்கள் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம்.

இந்திரா காந்தி 5 ரூபாய், நேரு நூற்றாண்டு ஒரு ரூபாய், டிராக்டர் படம் போட்ட 5 ரூபாய் நோட்டு ஆகியவற்றுக்கும் இதே பதில்தான். வரிசை எண்ணில் 786 உள்ள நோட்டை மட்டும், அந்த எண்ணைப் புனிதமாகக் கருதுகிறவர்கள் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து வாங்குவார்கள். அதுவும் சில நூறு ரூபாய்க்கு மேல் போவது அபூர்வம்.

கேள்வி: 1818 என்று போட்ட கிழக்கிந்தியக் கம்பெனியின் ஓர் அணா செம்புக் காசு. ஒரு பக்கம் ராமர், சீதை, லட்சுமணர், அனுமன். அரிசியை இழுக்கிறது என்று செய்தும் காட்டினார் என் மைத்துனர். ஐந்து லட்சம் கொடுத்து வாங்கலாம் என்கிறார். உங்கள் கருத்து?
– செல்வகுமார், தர்மபுரி

பதில்: ஐந்து ரூபாய்க்கும் வேண்டாம். அது நாணயமே இல்லை. கோயில் வாசல் கடைகளில் விற்பதற்காகப் பிற்காலத்தில் அடித்த வில்லை.

1818-இல் கம்பெனி அரசு செம்பில் ஓர் அணாக் காசு வெளியிடவே இல்லை. ஓர் அணா என்ற மதிப்பில் அரசு நாணயம் முதன்முதலாக வந்தது ஏழாம் எட்வர்ட் காலத்தில், 1906-07 வாக்கில்தான். அது செம்பும் அல்ல. வெண்மையான செப்பு-நிக்கல், விளிம்பு பூவிதழ் போல வளைந்து வளைந்து இருக்கும். நாடு முழுமைக்கும் ஒரே மாதிரியான கம்பெனி நாணயம் 1835-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகே தொடங்கியது. அந்தச் செம்புக் காசுகளில் அரை அணாவும் கால் அணாவும் உண்டு. அவற்றில் இருப்பது இரண்டு சிங்கங்கள் தாங்கிய கம்பெனிக் கேடயம். ராமர் பட்டாபிஷேகமோ, அனுமனோ, தாமரையோ, ஓம் எழுத்தோ கம்பெனியின் எந்தச் செம்புக் காசிலும் கிடையாது. இந்த வில்லைகளில் 1616, 1717, 1818 என்று ஆண்டுகள் அழகாக இரட்டை இரட்டையாக அமைந்திருப்பதையும் கவனியுங்கள்.

அரிசி இழுப்பது பற்றி: செம்பு காந்தத்துக்கு ஒட்டாது, அரிசியும் ஒட்டாது. இழுக்கிறது என்றால் காசுக்குள் காந்தம் வைத்திருக்க வேண்டும், அரிசியில் இரும்புத்தூள் ஏற்றியிருக்க வேண்டும். உங்கள் வீட்டு அரிசிப் பானையிலிருந்து நீங்களே ஒரு பிடி எடுத்துக் காசின் மேல் தூவச் சொல்லுங்கள். அவர் கொண்டுவந்த அரிசி வேண்டாம். இரிடியம், கோபுரக் கலசம் என்று ஊர் ஊராக நடக்கிற மோசடியும் இதே வகைதான். வாங்குகிறவரும் விற்கிறவரும் இரண்டு பேருமே காவல் நிலையத்தில் நிற்க வேண்டி வரும். மைத்துனரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

கேள்வி: விக்டோரியா, ஜார்ஜ் மன்னர் வெள்ளி ரூபாய் வாங்க ஆசை. ஒரே மாதிரிக் காசுக்கு ஒருவர் 1,500 சொல்கிறார், இன்னொருவர் 8,000 சொல்கிறார். '1840, ரொம்பப் பழசு', '1911, பன்றி ரூபாய்' என்றெல்லாம் காரணம் வைக்கிறார்கள். எதை நம்புவது?
– அ. ரஹ்மான், மேலப்பாளையம்

பதில்: முதலில் வெள்ளியின் கணக்கைப் போட்டுவிடுங்கள். அதுதான் தரை விலை. 1835 முதல் 1939 வரை வந்த வெள்ளி ரூபாய் 11.66 கிராம். வெள்ளி நூற்றுக்கு 91.7 பங்கு. ஆக ஒரு காசில் சுத்த வெள்ளி 10.69 கிராம். வெள்ளி கிராம் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் காசு 1,069 ரூபாய். வாங்குகிற அன்று நிலவும் வெள்ளி விலையைப் போட்டுப் பெருக்கிக்கொள்ளுங்கள். 1940 முதல் 1945 வரை வந்த ரூபாயில் வெள்ளி பாதிதான், 5.83 கிராம். இரண்டுக்கும் ஒரே விலை சொல்கிற கடையில் நிற்க வேண்டாம். 1947-இல் வந்த புலி ரூபாய் முழுக்க நிக்கல். காந்தத்தில் ஒட்டும், வெள்ளி துளியும் இல்லை.

இனி, தரை விலைக்கு மேல் எதற்காகக் கொடுக்கிறோம் என்பது.

1840 என்ற ஆண்டைப் பார்த்து மயங்காதீர்கள். விக்டோரியா இளம்பெண்ணாக இருக்கும் அந்த ரூபாயை 1840 என்ற ஆண்டை மாற்றாமலே இருபது ஆண்டுகளுக்கு மேல் அடித்தார்கள். அதன் பிறகு வந்ததில் 1862 என்று போட்டு 1874 வரை அதையே தொடர்ந்தார்கள். ஆகவே 1840-உம் 1862-உம் ஓர் ஆண்டின் உற்பத்தி அல்ல, பல ஆண்டுகளின் மொத்தம். சாதாரணத் தேய்மானத்தோடு இருந்தால் வெள்ளி விலைக்கு மேல் நாலில் ஒரு பங்கு கொடுக்கலாம். அதைத் தாண்டிக் கேட்டால் விட்டுவிடுங்கள். 1862-இல் புள்ளிகளின் எண்ணிக்கையையும் இடத்தையும் வைத்துப் பல வகைகள் உண்டு, அவற்றில் சில அரியவை. அதைப் பிரித்தறியப் பழகிய பிறகு அந்த விலையைக் கொடுங்கள், அதற்கு முன் வேண்டாம்.

1911 பன்றி ரூபாய் இந்தப் பொழுதுபோக்கிலேயே மிக அதிகமாகப் புகழப்பட்ட காசு என்பது எங்கள் கருத்து. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் அங்கியில் தொங்கும் யானைச் சின்னம் பன்றி போலத் தெரிகிறது என்று மக்கள் கொதித்தார்கள். அரசு திரும்பப் பெற்று உருக்கி, 1912-இல் துதிக்கை தெளிவாகத் தெரியும்படி திருத்தியது. கதை உண்மை. ஆனால் அதற்குள் சுமார் ஏழு லட்சம் காசுகள் வெளியே போயிருந்தன. ஏழு லட்சம் என்பது சேகரிப்பவர்களின் எண்ணிக்கையைவிடப் பல மடங்கு. எந்தப் பெரிய ஏலத்திலும், எந்த நாணயக் கண்காட்சியிலும் இது இல்லாமல் இருக்காது. தொகுப்பு முழுமையாக வேண்டும் என்று ஒன்று வாங்கலாம், தவறில்லை. சுமாரான காசுக்கு வெள்ளி விலையைப்போல மூன்று நான்கு மடங்கு வரை சரி. அதற்கு மேல் கேட்பது கதைக்கான விலை.

1939 மட்டும் வேறு. 91.7 பங்கு வெள்ளியில் கடைசியாக வந்த ரூபாய் அது. பெரும்பகுதி உருக்கப்பட்டுவிட்டதால் உண்மையிலேயே அரிது, விலை பல பத்தாயிரங்களைத் தொடும். அதனாலேயே போலியும் ஏராளம். 1938-இன் கடைசி எட்டைச் சுரண்டி ஒன்பதாக்குவது ஒரு வழி. பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் அந்த எண்ணைச் சுற்றியுள்ள தளம் மட்டும் பள்ளமாகவோ வேறு மினுமினுப்போடோ இருக்கும். 1940-ஐ மாற்றியிருந்தால் விளிம்பு காட்டிக்கொடுக்கும். பாதி வெள்ளி ரூபாயில் கள்ளக்காசைத் தடுக்க விளிம்புப் பற்களின் நடுவே ஒரு பள்ளம் ஓடவிட்டார்கள். 1939-இல் அந்தப் பள்ளம் கிடையாது, வெறும் பற்கள்தான்.

போலி வெள்ளியைக் கண்டுபிடிக்க வீட்டிலேயே ஒரு சோதனை. 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு 500 ரூபாய்க்குள் கிடைக்கிறது. முதலில் காசை எடைபோடுங்கள். நிறையத் தேய்ந்தது 11.3 வரை இறங்கலாம். பிறகு தராசின் மேல் தண்ணீர்க் குவளையை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுக்க மூழ்கும்படி தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் காசின் எடையை வகுத்தால் 10.3-ஐ ஒட்டி வர வேண்டும். 11.66 கிராம் நல்ல காசுக்குத் தராசு 1.13 காட்டும். 1.30-க்கு மேல் போனால் செப்பு-நிக்கலோ பித்தளையோ. காசில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் கணக்கு தப்பும். தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு விட்டால் குமிழி நிற்காது.

கேள்வி: தகரப் பெட்டியில் ஓட்டைக் காலணா ஒரு கொத்தும், தாமரை 20 பைசா பத்தும் கிடந்தன. தாமரைக் காசில் தங்கம் உண்டு என்கிறார்களே?
– வள்ளியம்மை, காரைக்குடி

பதில்: தங்கம் இல்லை. 1968-இலிருந்து 71 வரை வந்த அந்தக் காசு செம்பு கலந்த மஞ்சள் உலோகம், அவ்வளவுதான். அந்த வதந்தியை நம்பி அதை உருக்கி மோதிரம் செய்தவர்கள் அந்தக் காலத்திலேயே உண்டு. ஓட்டைக் காலணா இரண்டாம் உலகப் போரில் செம்பை மிச்சப்படுத்த நடுவில் துளையிட்டு 1943 முதல் அடித்தது. கோடிக்கணக்கில் வந்தது. இரண்டுமே 10 முதல் 40 ரூபாய் மதிப்புள்ளவை. பேரக்குழந்தைகளுக்குக் கொடுத்து, காலணா என்றால் என்ன என்று சொல்லிக்கொடுங்கள்.

கேள்வி: அஞ்சல்வழி விற்பனையில் 'கடலில் மூழ்கிய கப்பலிலிருந்து மீட்ட மெட்ராஸ் 10 காசு, 1808' என்று சான்றிதழ் அட்டையோடு 6,500 ரூபாய்க்கு வந்திருக்கிறது. அசலா?
– பிரகாஷ், சென்னை 21

பதில்: அசலாக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. ஆனால் விலை அதிகம்.

சென்னை மாகாணத்துக்காக இங்கிலாந்தில் பர்மிங்காம் சோஹோ ஆலையில் மேத்யூ போல்டன் அடித்துக்கொடுத்த காசு இது. ஒரு பக்கம் கம்பெனிக் கேடயம், மறுபக்கம் பாரசீக எழுத்தும் கீழே ரோம எண்ணில் பத்து என்பதும். இந்தச் செம்பை ஏற்றிக்கொண்டு சென்னை நோக்கிக் கிளம்பிய 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரம் குட்வின் மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. 1980-களின் நடுவில் அதிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட காசுகளை எடுத்தார்கள். பீப்பாய்க்குள் மெழுகும் பிசினும் சூழ்ந்திருந்ததால் நடுவில் இருந்தவை புதிதுபோல வந்தன. ஓரத்தில் இருந்தவற்றை உப்பு தின்றுவிட்டது.

பத்து லட்சம் என்ற எண்ணை மறக்காதீர்கள். சுமாரான 10 காசு வெளிநாட்டுச் சந்தையிலேயே ஆயிரம் ரூபாயை ஒட்டித்தான் போகிறது. அட்டைக்கும் கதைக்கும்தான் மீதி. 20 காசு மதிப்புள்ளது அளவில் பெரிது, எடை 9 கிராமுக்கு மேல், கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். உங்கள் இடத்தில் இருந்தால், கப்பலில் ஏறாமல் முன்பே இங்கே வந்து சென்னைக் கடைத்தெருக்களில் புழங்கித் தேய்ந்த 1803-ஆம் ஆண்டுக் காசைத் தேடுங்கள். விலையும் குறைவு, நம் ஊரில் கைமாறிய காசு என்ற உறவும் உண்டு.

கேள்வி: வி.ஓ.சி. என்று பின்னிய எழுத்துள்ள டச்சுக் காசு எங்கள் பக்கம் கிடைக்கிறது. இணையத்தில் இதையே 'நியூயார்க் பென்னி' என்று பெரிய விலைக்கு விற்கிறார்களே?
– ஜோசப், நாகப்பட்டினம்

பதில்: அமெரிக்க வாடிக்கையாளருக்காக வைத்த விற்பனைப் பெயர் அது. நியூயார்க் டச்சுக்காரர் கையிலிருந்து போனது 1664-இல். வி.ஓ.சி. என்பது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரை. அந்த முத்திரையோடு கிடைக்கும் இந்தக் காசுகளில் பெரும்பாலானவை 1726-க்குப் பிறகு அடித்தவை. இவை வந்தது நாகப்பட்டினம், பழவேற்காடு, இலங்கை, ஜாவா பக்கம்தான். டச்சில் இதன் பெயர் 'டொய்ட்'. நம் 'துட்டு' அங்கிருந்து வந்த சொல்தான். பின்பக்கம் அலையிலிருந்து எழும் சிங்கம் என்றால் ஜீலாந்து மாகாணம், நின்ற சிங்கம் என்றால் ஹாலந்து. ஆண்டு தெளிவாகப் படிக்க முடிந்தால் 150 முதல் 400 ரூபாய். மழமழவென்று தேய்ந்தது 50 ரூபாய்.

கேள்வி: ராஜராஜ சோழன் செப்புக் காசு, '1000 ஆண்டு பழமை' என்று 5,000 ரூபாய். யாழ்ப்பாணத்தில் வாங்கித் தமிழ்நாட்டு உறவினருக்கு அனுப்ப நினைக்கிறேன்.
– தவராசா, நல்லூர்

பதில்: அண்ணை, இரண்டு விஷயம். முதலாவது விலை. ஒரு பக்கம் நின்ற உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவமும் அருகே நாகரி எழுத்தில் ஸ்ரீ ராஜராஜ என்ற பெயரும் உள்ள இந்தச் செப்புக் காசு ஆயிரம் ஆண்டு பழையதுதான். ஆனாலும் அரியது அல்ல. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் குடம் குடமாகக் கிடைத்த வகை. இதே உருவ அமைப்பை இலங்கை மன்னர்களும் பின்பற்றினார்கள். பராக்கிரமபாகு, லீலாவதி, சகஸமல்லன் எல்லாருடைய காசும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அமர்ந்த உருவத்தின் வலப்பக்கத்து எழுத்தைப் படித்தால்தான் யாருடையது என்று தெரியும். விற்பவர்கள் எழுத்தே இல்லாத தேய்ந்த காசையும் ராஜராஜன் என்றே சொல்லி விற்கிறார்கள். எழுத்து முழுதாக உள்ளதற்கு இந்தியச் சந்தையில் 300 முதல் 800 ரூபாய் போதும். எழுத்து தெரியாததற்கு 100.

அந்தப் பணத்துக்கு யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகளின் 'சேது' காசைத் தேடலாம். நந்தியும் கீழே தமிழில் சேது என்ற எழுத்தும் இருக்கும். அதில் போலி வார்ப்பு உண்டு. விளிம்பைச் சுற்றி மெல்லிய ஒட்டுக்கோடு ஓடுகிறதா, தளத்தில் ஊசிமுனைக் குழிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அச்சில் அடித்த காசில் இவை இராது.

இரண்டாவது, சட்டம். இலங்கையிலிருந்து தொல்பொருளை உரிய அனுமதி இல்லாமல் வெளியே அனுப்ப முடியாது. இந்தியாவிலும் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறாண்டு கடந்த காசு தொல்பொருள், ஏற்றுமதி செய்யத் தடை உண்டு. தபாலில் போடாதீர்கள். உறவினர் அங்கேயே வாங்கிக்கொள்ளட்டும்.

கேள்வி: நூற்றாண்டு விழாவுக்கு வரும் 100 ரூபாய் வெள்ளி நாணயங்களைத் தொடர்ந்து வாங்குகிறேன். முதலீடாகுமா?
– ஸ்ரீதர், கும்பகோணம்

பதில்: முதலீடாக நினைத்தால் ஏமாற்றமே மிஞ்சும். 44 மில்லிமீட்டர் விட்டம், 35 கிராம் எடையோடு நெடுங்காலம் வந்த 100 ரூபாய் நினைவு நாணயத்தில் வெள்ளி பாதிதான். மீதியில் 40 பங்கு செம்பு, 5 நிக்கல், 5 துத்தநாகம். ஆக ஒரு நாணயத்தில் 17.5 கிராம் வெள்ளி. 2023-இல் நாடாளுமன்றப் புதுக் கட்டடத்துக்கு வந்த 75 ரூபாய் நாணயமும் இதே கலவை. பெட்டி, அச்சுக்கூலி, வரி சேர்த்து அரசு நாணயச்சாலை வைக்கும் விலை வெள்ளி மதிப்பைவிட நன்றாகவே கூடுதல். விற்கப் போகும்போது நகைக்கடைக்காரர் பாதி வெள்ளி என்று சுத்திகரிப்புக் கழிவும் போடுவார். நாணயத்தை உருக்குவது சட்டப்படி குற்றம் என்பதால் நேர்மையான கடையில் வாங்கவும் மாட்டார்கள்.

தவிர்க்க வேண்டியது இடைத்தரகர் விலை. முன்பதிவு முடிந்த கையோடு 'இனிக் கிடைக்காது' என்று இரண்டு மடங்கு கேட்பார்கள். பெரும்பாலும், முன்பதிவு செய்தவர்கள் கைக்குப் பெட்டி வந்து சேர்ந்ததும் அந்த விலை இறங்கிவிடும். ஆறு மாதம் பொறுத்தால் போதும்.

உங்கள் ஊர்ப் பக்கத்து விஷயம் ஒன்று. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு 2010-இல் வந்த 1000 ரூபாய் நாணயத்தில் வெள்ளி 80 பங்கு. அதாவது 28 கிராம். 100 ரூபாய் வகையோடு ஒப்பிட்டால் உலோகத்திலேயே மதிப்பு கூடியது. தேடுவோரும் நிலையாக இருக்கிறார்கள். இதை மட்டும், அரசு பெட்டியும் உள்ளட்டையும் இருந்தால், கொஞ்சம் கூடக் கொடுத்தும் வாங்கலாம்.

கேள்வி: 10 ரூபாய்க் காசின் நடுவட்டம் தலைகீழாகத் திரும்பி, சிங்கப் பக்கத்தில் 10 என்று இருக்கிறது. எரர் காயின் என்று 12,000 கேட்கிறார் ஒருவர்.
– நவீன், ஓசூர்

பதில்: அந்த மாதிரிப் பிழை நாணயச்சாலையில் நடக்க வழியே இல்லை. வெளி வளையத்தையும் நடுவட்டத்தையும் வெறும் தகடாகவே முதலில் பொருத்துகிறார்கள். பிறகு ஒரே அடியில் இரண்டிலும் சேர்த்து உருவம் விழுகிறது. நடுவட்டம் திரும்பியிருந்தால் உருவம் விழுந்த பிறகு யாரோ தட்டி எடுத்துத் திருப்பிச் சொருகியிருக்கிறார்கள். லென்ஸில் இணைப்புக் கோட்டைப் பாருங்கள். சுத்தியோ பிரஸ்ஸோ பட்ட நசுங்கல், நுண் இடைவெளி தெரியும். காதருகே ஆட்டினால் சில சமயம் சலசலக்கும். நல்ல காசின் எடை 7.71 கிராம். இரண்டு பக்கமும் தலை உள்ள காசும் இதே மாதிரி கைவேலை. ஒன்றைக் குடைந்து இன்னொன்றை உள்ளே பொருத்துவார்கள். மேசையில் போட்டால் கணீர் என்று ஒலிக்காமல் மொத்தென்று விழும்.

மதிக்கத்தக்க பிழைகளும் உண்டு. உருவம் பாதி மட்டும் விழுந்து மீதி வெறும் தகடாக இருப்பது, ஒரு பக்க உருவமே மறுபக்கம் குழிவாகப் பதிந்திருப்பது ஆகியவற்றைச் சேகரிப்பாளர்கள் நல்ல விலை கொடுத்து வாங்குவார்கள். குடியரசு இந்தியாவின் காசைப் புத்தகப் பக்கம்போலப் புரட்டினால் இரு பக்கமும் நிமிர்ந்து இருக்க வேண்டும். 10, 15 பாகை சாய்ந்திருந்தால் மதிப்பில்லை, 90-க்கு மேல் என்றால் கேட்பார்கள். கீறல், நசுங்கல், ஆசிட் பட்டு மெலிந்தது எதுவும் பிழை நாணயம் ஆகாது.

கேள்வி: பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து 'எம்.எஸ். 66' என்று தரம் போட்ட 1918 ரூபாய், சாதாரணக் காசைவிடப் பதினைந்து மடங்கு விலை. தகுமா?
– டாக்டர் கீதா, கோவை

பதில்: எம்.எஸ். என்றால் புழங்காத காசு; அதன் நிலையைப் பார்த்து 70 வரை எண் போடுவார்கள். 1918 ரூபாய் பல கோடிக் கணக்கில் அடித்த காசு. அதில் மிக நல்ல நிலையில் இருப்பதற்குக் கூடுதல் விலை நியாயம்தான். ஆனால் தரம் 63-க்கும் 66-க்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்கு ஒன்றிரண்டு நுண்கீறல், விலையிலோ பல மடங்கு. 'இந்தத் தரத்தில் உலகிலேயே ஐந்துதான்' என்று சொல்வது, தரம் போட்டுப் பெட்டியில் அடைக்கும் அந்த நிறுவனத்துக்கு இதுவரை அனுப்பியவற்றில் ஐந்து என்பதே. நாளை இன்னும் ஐம்பது பேர் அனுப்பினால் அந்த எண் மாறும். சாதாரணக் காசுக்கு இது அடிக்கடி நடக்கிறது. 1939 போன்ற போலி மிகுந்த காசுக்குத்தான் பெட்டி அவசியம். அங்கேயும் பெட்டியின் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்குள்ள படமும் கையிலுள்ள காசும் ஒன்றா என்று கீறல் கீறலாக ஒப்பிடுங்கள். பெட்டியையே போலியாகச் செய்கிறார்கள். பெயர் தெரியாத நிறுவனங்கள் போடும் தரத்துக்குத் தனி விலை கொடுக்க வேண்டாம்.

கேள்வி: அப்பா விட்டுச் சென்ற டப்பாவில் இருநூறு காசுக்கு மேல் இருக்கிறது. புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிய பிறகு விற்கலாமா? யாரிடம் விற்பது?
– கு. சண்முகம், பழனி

பதில்: தேய்க்காதீர்கள், தயவுசெய்து. செம்புக் காசின் மேல் இருக்கும் பழுப்பு நிறம் அழுக்கு அல்ல. நூறாண்டுகளாக உலோகம் தானாகப் போர்த்திக்கொண்ட மெல்லிய தோல் அது. புளியின் அமிலம் அதை ஐந்து நிமிடத்தில் உரித்துவிடும். அடியில் வெளிறிய இளஞ்சிவப்பு நிறம் தெரியும். ஆறு மாதத்தில் திட்டுத்திட்டாகக் கறுக்கும். விபூதியோ பற்பசையோ போட்டுத் தேய்த்த வெள்ளியில் லென்ஸ் வைத்தால் ஆயிரம் மயிரிழைக் கீறல்கள். ஒரு தடவை தேய்த்த காசுக்கு விலை பாதியாகும், திரும்பக் கூட்ட வழியில்லை. மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் இரண்டு மூன்று நாள் ஊறவிட்டு, தினம் நீரை மாற்றி, பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள். மலிவான ஆல்பத்தில் வைத்திருந்ததால் பச்சையாகப் பிசுபிசுத்தால் சுத்த அசிட்டோனில் ஐந்து நிமிடம் போதும். கண்ணாடிக் கிண்ணத்தில், சன்னலைத் திறந்துவைத்து, அடுப்பு இல்லாத அறையில் செய்யுங்கள். நகப்பூச்சு அழிப்பானில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும், அது வேண்டாம்.

விற்பதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். முதலில் காந்தம்: ஒட்டுவதெல்லாம் ஸ்டீல் அல்லது நிக்கல், ஒரு பக்கம் வையுங்கள். வெள்ளையாக இருந்து ஒட்டாத ரூபாய்க் காசுகளை எடைபோட்டு ஆண்டு வாரியாகப் பிரியுங்கள். 1939 வரை ஒரு குவியல், 1940 முதல் 45 வரை இன்னொன்று. மேலே சொன்ன வெள்ளிக் கணக்கைப் போட்டு ஒரு தாளில் எழுதுங்கள். மீதிச் செம்பு, பித்தளைக் காசுகளை ஆண்டும் நாணயச்சாலைக் குறியும் பார்த்து அடுக்குங்கள். சுதந்திரத்துக்குப் பிந்திய காசுகளில் ஆண்டுக்குக் கீழே வைர வடிவம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் ஐதராபாத், புள்ளி நொய்டா, ஒன்றும் இல்லாவிட்டால் கொல்கத்தா. ஒவ்வொன்றையும் ஓரத்தில் பிடித்து இரு பக்கமும் படம் எடுங்கள்.

விலைக்கு நம்பத்தக்கது முடிந்த ஏலங்களின் விற்பனை விலை. ஏல நிறுவனங்களின் தளங்களில் பழைய பட்டியல்கள் கிடைக்கும். ஒரே காசு மூன்று ஏலங்களில் என்ன போயிற்று என்று பார்த்து நடுவிலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஏலக் கழிவு போக உங்கள் கைக்கு வருவது அதைவிடக் குறைவு. நேரில் வாங்கும் வியாபாரி தான் விற்கும் விலையில் பாதிக்கும் முக்காலுக்கும் இடையில் தருவார். அது நியாயமான வழக்கம்தான், அவரும் கடை நடத்த வேண்டும். சென்னையிலும் கோவையிலும் நடக்கும் நாணயக் கண்காட்சிக்குப் போனால் ஒரே நாளில் நாலைந்து பேரிடம் கேட்டுவிடலாம். முழு டப்பாவையும் முதல் ஆளிடமே கொடுத்துவிடாதீர்கள். 'இது மட்டும் போதும், மீதி வேண்டாம்' என்று ஒரு காசை யாராவது தனியாக எடுத்தால் அதைத் திரும்ப வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய் அதன் விலையைக் கேளுங்கள்.